நெருக்கடியில் கிறிஸ்தவ மேலாளர்: காலை ஜெபம் முதலா, சனிக்கிழமை சம்பளம் முதலா?

வாசகர் கேள்வி, செப்டம்பர் 8, 2025

அக்கா, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். எங்கள் ஆர்டரில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குப் போவது. ஆகஸ்ட் 27-இல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போடும் வரி 50 சதவீதம் ஆனதிலிருந்து, அங்கே எங்களிடம் வாங்கும் பையர் இரண்டு ஸ்டைலை (டிசைனை) நிறுத்தி வைத்துவிட்டார், கட்டிங் முடித்த துணி அப்படியே கிடக்கிறது. முதலாளியும் நானும் ஒரே சபை. தினமும் காலையில் தையல் லைன் ஓடும் முன் எல்லாரையும் நிற்க வைத்துப் பத்து நிமிடம் ஜெபிக்கலாம், நீயே நடத்து என்கிறார். இந்த மாதிரி நேரத்தில் விசுவாசத்தை மறைத்து வைப்பது தவறு என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் லைனில் இருக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. நடத்தலாமா?

செப்டம்பர் 8, இரவு

நடத்தாதீர்கள் தம்பி.

நீங்கள் மேனேஜர். யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று அடுத்த வாரம் முடிவெடுக்கப் போகிறவர் நீங்கள்தான். நீங்கள் முன்னால் நின்று கண்ணை மூடுங்கள் என்றால் அவர்கள் மூடத்தான் செய்வார்கள். அதை ஜெபத்தில் கலந்துகொண்டதாகக் கணக்கு வைக்க முடியாது. வேலை போய்விடக் கூடாதே என்ற பயத்தில் நிற்பவர்களை நிற்க வைத்து வாங்கும் ஆமென் ஆண்டவருக்கு எதற்கு?

ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்களும் முதலாளியும் ஆபீஸ் ரூமில் எட்டு மணிக்கே உட்காருங்கள். கதவு திறந்திருக்கட்டும், வருகிறவர் வரட்டும், யார் வந்தார் யார் வரவில்லை என்று யாரும் மனதில்கூடக் குறித்துக்கொள்ள வேண்டாம்.

நான் கேட்க வேண்டியது வேறு. ஆர்டர் நின்றுபோனதை லைனில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டீர்களா?

செப்டம்பர் 10

முந்தாநாள் எழுதியதற்குக் கோபமாகப் பதில்கள். "சாட்சியை மறைக்கச் சொல்கிறீர்கள்" என்கிறார் ஒருவர். சரி, சாட்சியைப் பற்றியே பேசுவோம். வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் இடத்தில், நெருக்கடியில், ஒரு விசுவாசி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு வேதத்தில் இதைவிட நேரான பகுதி இல்லை என்பது என் எண்ணம். அலெக்சந்திரியாவின் கோதுமைக் கப்பல். மாலுமி இருக்கிறான், கப்பல் எஜமான் இருக்கிறான், யூலியு என்ற நூற்றுக்கு அதிபதி (ரோமப் படையில் நூறு வீரர்களின் தலைவன்) இருக்கிறான், சேவகர்கள் இருக்கிறார்கள். அப்போஸ்தலன் பவுல் அதில் ஒரு கைதி. அவனுக்கு எந்தப் பதவியும் இல்லை. யூரோக்கிலிதோன் என்ற காற்று அடித்து, பல நாளாகச் சூரியனும் தெரியாமல் நட்சத்திரமும் தெரியாமல், இனிப் பிழைப்போம் என்ற நம்பிக்கையே போன பிறகு அவன் எழுந்து நிற்கிறான்.

என்ன சொல்கிறான் பாருங்கள். உயிர்ச்சேதம் வராது, ஆனால் கப்பல் போய்விடும், ஒரு தீவில் மோதப் போகிறோம் என்கிறான். நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் ஒரே மூச்சில் சொல்கிறான். தன் தேவன் யார் என்பதையும் ஒளிக்கவில்லை, நான் சேவிக்கிற தேவனுடைய தூதன் இரவில் வந்து சொன்னான் என்று வெளிப்படையாகவே சொல்கிறான். பதினாலாம் நாள் விடியும் நேரத்தில் எல்லாரையும் சாப்பிடச் சொல்கிறான். அப்பத்தை எடுத்து எல்லார் முன்பாகவும் தேவனை ஸ்தோத்திரித்து, பிட்டு, தானே முதலில் தின்ன ஆரம்பிக்கிறான். அதைப் பார்த்து மற்றவர்களுக்கும் தைரியம் வந்து சாப்பிடுகிறார்கள். கப்பலில் 276 பேர்.

அத்தனை பேரையும் தலைகுனிய வைக்கவில்லை. ஜெபித்தவன் அவன், சாப்பிட்டவர்கள் எல்லாரும். முதலாளியிடம் இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள் தம்பி.

செப்டம்பர் 11

ஒரு சகோதரர் நல்ல மடக்கு ஒன்று போட்டிருக்கிறார்: பவுல் பேச்சை ஆரம்பிப்பதே "என் சொல்லைக் கேட்டு கிரேத்தாவை விட்டுப் புறப்படாமல் இருந்திருக்க வேண்டும்" என்றுதானே, அப்போதே சொன்னேனே என்று குத்திக்காட்டுவது தலைமையா?

எனக்கும் இந்த வசனம் நெடுநாள் உறுத்தியிருக்கிறது. இப்போது எனக்குப் படுவது இது. முன்பு அவன் சொன்னபோது நூற்றுக்கு அதிபதி கப்பல் எஜமானைத்தான் நம்பினான். இப்போது அவன் சொல்லப்போவது கேட்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது, இந்தத் தடவையாவது கேட்க வேண்டும். அதற்காக ஒரு வரி. அதற்கு மேல் அதைத் தோண்டவில்லை, அடுத்த வாக்கியமே திடமனதாயிருங்கள் என்று போய்விடுகிறது. நம் மீட்டிங்குகளில் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சபை முடிந்து வந்து எழுதுகிறேன், நீளமாகப் போகும்.

வெளியூர்க்காரர்கள் சிலர் "வேலை யாருக்கும் போகவில்லையே, அப்புறம் என்ன நெருக்கடி" என்று கேட்டிருக்கிறார்கள். திருப்பூர்க் கணக்கு தெரியாததால் வரும் கேள்வி. இங்கே நிறைய கம்பெனிகளில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஷிப்ட். ஆறு நாளைக்கு ஒன்பது ஷிப்ட், சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். லைன் வீட்டு வாடகை, சீட்டு, பிள்ளைகளின் ஃபீஸ், மளிகைக் கடைப் பாக்கி எல்லாம் இந்த ஒன்பது ஷிப்ட்டை நம்பித்தான். ஆர்டர் குறைந்தால் முதலில் போவது அந்த அரை ஷிப்ட். "யாரையும் நிறுத்தவில்லை" என்று முதலாளி மனசாட்சியோடு சொல்லலாம், ஆனால் ஒன்பது ஆறாகிவிட்டால் சம்பளக் கவரில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. ஓவர்லாக் அடிக்கிற அக்கா ஒருவர் சனிக்கிழமை கவரைப் பிரித்து எண்ணி, மறுபடியும் எண்ணி, கவரின் பின்பக்கம் எழுதியிருக்கும் ஷிப்ட் கணக்கை விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவர்தான் சொன்னது.

நான் 2020-இல் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் இருந்தேன். முதலாளி நல்ல விசுவாசி, அதை இன்றும் சந்தேகப்படவில்லை. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, மறுநாள் புதன்கிழமையிலிருந்து ஊரடங்கு. அந்த வாரத்தில் வேலை செய்த திங்கள், செவ்வாய்க் கூலி பாக்கி, வழக்கமாகப் பிடித்து வைக்கும் ஒரு வாரக் கூலியும் பாக்கி. பட்டியலைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கையெழுத்தாகிப் பணம் போக ஏப்ரல் பாதி ஆனது. அதுவரை தினமும் காலையில் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வசனம் வரும். 91-ஆம் சங்கீதம் எத்தனை தடவை வந்தது என்று தெரியாது. விடுதியில் இருந்த ஒடிசாப் பெண்களுக்குத் தமிழே சரியாக வராது, அவர்களுக்கும் தமிழில் வசனம். அவர்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்து கேட்டது, "தீதி, இதில் சம்பளம் எப்போது என்று எழுதியிருக்கிறதா?" என்றுதான். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அந்தச் சங்கீதத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, என் அம்மா படுக்கையில் கிடந்தபோது நான் பிடித்துக்கொண்டிருந்ததே அதுதான். ஆனால் கொடுக்க வேண்டிய கூலியைக் கையில் வைத்துக்கொண்டு அனுப்பும்போது அந்த வசனம் என்ன ஆகிறது? யாக்கோபு 2-இல் சாப்பாடில்லாதவனைப் பார்த்து சமாதானத்தோடே போ, பசியாறு என்று வாயால் மட்டும் சொல்வது வருகிறது. அதே நிருபத்தில் 5-ஆம் அதிகாரத்தில், பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று வருகிறது. இரண்டும் சேர்ந்தால் எங்கள் வாட்ஸ்அப் குரூப்.

எங்கள் தெருக்கோடியில் இன்னொரு சின்ன யூனிட். அதன் உரிமையாளர் கிறிஸ்தவர் இல்லை. பீகார்ப் பையன்களுக்குச் சப்பாத்தி வேண்டுமே என்று எங்கிருந்தோ கோதுமை மாவு மூட்டை பிடித்து டெம்போவில் தானே ஏற்றி வந்தார். மே மாதம் தொழிலாளர் சிறப்பு ரயில்கள் ஓட ஆரம்பித்ததும் ஊருக்குப் போன பையன்களில் நிறையப் பேர் ஆறு மாதத்தில் அவரிடமே திரும்பி வந்தார்கள். எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 15

"முதலாளியிடமும் பணம் இல்லாமல் இருந்திருக்கலாம், அவரை நியாயந்தீர்க்காதீர்கள்" என்று போதகர் ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கலாம் ஐயா. பையர் பணம் வரவில்லை, பேங்கில் லிமிட் முடிந்துவிட்டது, எல்லாம் உண்மைதான். அப்போது மார்ச் 29-இல் உள்துறை அமைச்சகம் முழுச் சம்பளம் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது, மே 18-இலிருந்து அதைத் தானே விலக்கிக்கொண்டது, கோர்ட்டும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. சட்டமே தடுமாறிய நேரம். ஆனால் இல்லை என்றால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பணம் தேவையில்லை. நான் கேட்பது அதைத்தான்.

செப்டம்பர் 17

வேதத்திலிருந்து யோனாவின் கதையைக் கொண்டுவந்துவிட்டார்கள். "புயலில் ஒரு ஆளைக் கடலில் போட்டதும் கடல் அமர்ந்ததே, ஆள்குறைப்பு சில நேரம் தேவைதானே?"

முதல் அதிகாரத்தை முழுவதும் படியுங்கள் சார். அந்த மாலுமிகள் புறஜாதியார். முதலில் சரக்கைக் கடலில் எறிகிறார்கள். யோனாவே என்னைத் தூக்கிப் போடுங்கள் என்று சொன்ன பிறகும் போடாமல், கரை சேர்ந்துவிடலாம் என்று வேகமாகத் தண்டுவலிக்கிறார்கள் (துடுப்புப் போடுகிறார்கள்). முடியாமல் போன பிறகுதான், இந்த மனுஷனுடைய ஜீவனிமித்தம் எங்களை அழித்துவிடாதேயும் என்று அழுது கேட்டுக்கொண்டு போடுகிறார்கள். நம் ஊரில் சரக்கு எறிவதற்கு முன்னாலேயே ஆள் போய்விடுகிறது. தண்டு வலிப்பது என்ற கட்டமே கிடையாது.

பவுலின் கப்பலிலும் இதே வரிசைதான். எல்லாரும் வயிறாரச் சாப்பிட்ட பிறகு கோதுமையைக் கடலில் எறிந்து பாரம் குறைக்கிறார்கள். கோதுமைதான் அந்தக் கப்பலின் லாபமே. இன்னொன்று, கப்பலாட்கள் நங்கூரம் போடுகிற சாக்கில் படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பிக்கப் பார்க்கிறார்கள், பவுல் அதை நூற்றுக்கு அதிபதியிடம் சொல்லிவிடுகிறான், சேவகர் கயிற்றை வெட்டிவிடுகிறார்கள். தொழில் தெரிந்தவன் நழுவிவிட்டால் மற்றவன் செத்தான். நெருக்கடி வந்ததும் மேல்மட்டத்தில் இருப்பவர்கள் சத்தமில்லாமல் வேறு இடம் பார்த்துக்கொண்டு, கீழே இருப்பவர்களுக்கு மட்டும் "நாம் ஒரே குடும்பம்" என்று பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வசனம் புரியும்.

செப்டம்பர் 21

கேள்வி கேட்ட தம்பி தனியாக எழுதியிருந்தார். முதலாளி அப்போஸ்தலர் 27-ஐப் படித்தாராம், காலை ஜெபத்தை ஆபீஸ் ரூமுக்கு மாற்றிக்கொண்டாராம். நல்லது. ஆனால் ஸ்டாஃப் எல்லாருக்கும் 20 சதவீதம் சம்பளக் குறைப்பு என்று யோசிக்கிறாராம், "எல்லாரும் சேர்ந்து சிலுவை சுமப்போம்" என்றாராம்.

நெகேமியா 5-ஆம் அதிகாரம் தம்பி. நெகேமியா எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டியது எல்லாருக்கும் தெரியும், 52 நாளில் முடித்ததும் பிரசங்கத்தில் வரும். நடுவில் இருக்கும் ஐந்தாம் அதிகாரம் அவ்வளவாக வராது. சுவர் வேலை நடக்கும்போதே ஜனங்கள் கூக்குரலிடுகிறார்கள், வயலை அடகு வைத்தோம், ராஜாவின் வரிக்குக் கடன் வாங்கினோம், பிள்ளைகளை அடிமையாக்குகிறோம் என்று. வெளியே எதிரி இருக்கிறான், இப்போது ஒற்றுமைதான் முக்கியம் என்று அவர்கள் வாயை அடைத்திருக்கலாம். நெகேமியா பிரபுக்களையும் அதிகாரிகளையும் சபை கூட்டிக் கடிந்துகொள்கிறான். நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம், வட்டியை விட்டுவிடுவோம் என்று தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறான். அப்புறம் தன் கணக்கைத் திறந்து காட்டுகிறான்: தேசாதிபதியான தனக்கு வரவேண்டிய படியைப் பன்னிரண்டு வருஷம் வாங்கவில்லை, அதுவும் தினமும் 150 பேர் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. காரணமும் சொல்கிறான், இந்த ஜனங்களின் பாடு கடினமாயிருந்தது.

நூறு ரூபாயில் இருபது குறைவதும், ஆயிரத்தில் இருநூறு குறைவதும் சதவீதத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்றில்லை. முதலாளி தன் படியை முதலில் நிறுத்தட்டும், அடுத்து உங்களைப் போன்ற மேனேஜர்கள். செக்கிங், ஹெல்பர் பெண்களின் கவரைத் தொடுவது கடைசி. அவர்களின் சிலுவை ஏற்கெனவே கனமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 28

"வேதத்தில் சரி, நிஜத்தில் யார் அப்படிச் செய்தார்கள்" என்று கேட்டவருக்கு. நம் வேலூரையே சொல்கிறேன்.

அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1918-இல் அங்கே பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார், இன்றைய சி.எம்.சி. அதுதான். பெண்களைப் பெண்களே பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் வைராக்கியம். 1930-களின் கடைசியில் சென்னை அரசு டிப்ளமா படிப்புகளை எடுத்துவிட்டு, இனி எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்று முடிவெடுத்தது. அந்த அளவுக்குக் கட்டடமும் படுக்கைகளும் பேராசிரியர்களும் வேண்டும், பணம் இல்லை. மூடிவிட வேண்டியதுதான் என்ற நிலைமை. எழுபது வயதில் அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி திரட்டினார். பல சபைகளும் சேர்ந்து நடத்தும் பொதுக் கல்லூரியாக்கி ஆண்களையும் சேர்த்தால்தான் பிழைக்கும் என்ற பேச்சு வந்தது. அவருக்கு எத்தனையோ வருஷமாகத் தோள் கொடுத்த லூசி பீபாடி அதைக் கடுமையாக எதிர்த்தார். ஐடா ஸ்கடர் தான் உயிராக நினைத்த திட்டத்தை விட்டுக்கொடுத்தார், அந்த நட்பின் வலியையும் சேர்த்து. 1942-இல் எம்.பி.பி.எஸ். வந்தது, 1947-இல் ஆண்களும் சேர்ந்தார்கள். பொறுப்பு ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் மருத்துவரிடம் போனது.

அவர் நிதி திரட்டியதைத்தான் எல்லாரும் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அந்த விட்டுக்கொடுத்ததுதான் பெரிது. இயேசு ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தார் என்ற வசனம்தான் இன்றும் அந்தக் கல்லூரியின் குறிக்கோள் வாசகம். தலைமையில் இருப்பவர் தனக்குப் பிரியமானதை இழக்காமல், மற்றவர்களை மட்டும் இழக்கச் சொல்ல முடியாது.

அக்டோபர் 4, சனி

போனஸ் பேச்சு வந்துவிட்டது. தீபாவளி 20-ஆம் தேதி. தம்பி கேட்கிறார், வரி நெருக்கடியைக் காட்டி இந்த வருஷம் போனஸைக் குறைக்க முதலாளிக்கு ஆலோசனை வந்திருக்கிறதாம், கிறிஸ்தவனாக என்ன சொல்வது?

முதலில் கணக்குத் தெரிந்தவனாகச் சொல்லுங்கள். இப்போது கொடுக்கும் போனஸ் போன மார்ச்சில் முடிந்த வருஷத்துக்கு உரியது. வரி வந்தது ஆகஸ்டில். போன வருஷம் அவர்கள் ஒன்றரை ஷிப்ட் உழைத்துக் கொடுத்துவிட்டார்கள், அதற்கான பாக்கி இது. சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம் நஷ்டம் வந்த வருஷத்திலும் கொடுக்க வேண்டியது. அதற்கு மேல் வழக்கமாகக் கொடுப்பதைப் பற்றி வேண்டுமானால் உட்கார்ந்து பேசலாம். பேசும்போது ஆர்டர் புத்தகத்தை மேசையில் வைத்துப் பேசுங்கள்.

அக்டோபர் 12

முதல் நாள் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். தம்பி எழுதுகிறார்: அயனிங் செக்‌ஷனில் இருக்கும் ஒரு பெரியவர், கிறிஸ்தவர் இல்லை, ஆபீஸ் ரூம் வாசலில் வந்து நின்று "என் பொண்ணுக்கு ஆபரேஷன், நீங்க கும்பிடுறப்ப எனக்காகவும் கேளுங்க சார்" என்றாராம். கூட்டமாக ஜெபம் வேண்டாம் என்று அக்கா சொன்னீர்களே, செய்யலாமா என்கிறார்.

என்ன கேள்வி தம்பி இது, உடனே செய்யுங்கள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். அவர் தானாக வந்து கேட்டார். நீங்கள் கூப்பிட்டு நிற்க வைக்கவில்லை. நான் தடுத்தது உங்கள் நாற்காலியின் பலத்தில் நடக்கும் ஜெபத்தைத்தான். செய்த பிறகு, ஆபரேஷன் என்றைக்கு என்று கேட்டு லீவு போட்டுக் கொடுங்கள். ஈ.எஸ்.ஐ. பேப்பர் சரியாக இருக்கிறதா என்று ஆபீஸில் பார்க்கச் சொல்லுங்கள், போன வருஷம் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்து ஒருவர் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும்.

அக்டோபர் 16

போனஸ் வழக்கமான அளவில் இல்லாவிட்டாலும் சட்டத்துக்கு மேலேயே முடிவாகியிருக்கிறது, முதலாளி தன் சம்பளத்தை மார்ச் வரை நிறுத்திக்கொண்டார் என்று தம்பி சொல்கிறார். சந்தோஷம். ஸ்டாஃப் குறைப்பு இன்னும் பேச்சில்தான் இருக்கிறதாம்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. தீபாவளிக்கு எல்லாரும் ஊருக்குப் போவார்கள். திரும்பி வந்தால் ஒன்பது ஷிப்ட் இருக்காது, டிசம்பர் வரை ஆறுதான் என்று உங்களுக்கு இப்போதே தெரியும். போன பிறகு மெசேஜ் போடலாம், இப்போது சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று சூப்பர்வைசர் சொல்கிறாராம். சிலர் வராமல் போகலாம்தான். மதுரைப் பக்கமோ தேனிப் பக்கமோ அறுப்பு வேலை கிடைத்தால் அங்கேயே இருந்துகொள்வார்கள், ஒரு மாத வாடகையாவது மிஞ்சும், லைன் வீட்டு அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொள்ள நேரம் கிடைக்கும். அதை முடிவு செய்ய வேண்டியது அவர்கள். சனிக்கிழமை கவர் கொடுக்கும்போது நீங்களே நின்று வாயால் சொல்லுங்கள், தமிழ் புரியாதவர்களுக்கு இந்தியிலோ ஒடியாவிலோ சொல்ல ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.